ஜேஇஇ மெயின் இயற்பியல்: சூத்திரம் தெரிகிறது, விடை தவறுகிறது; அடிப்படைகளை எப்படிப் பயில்வது?

கேள்வி
எழுதியவர்: கண்மாய்க்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். வரும் ஜனவரியில் ஜேஇஇ மெயின் எழுத எண்ணியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்பதால், எங்கள் பள்ளியில் நுழைவுத்தேர்வைப் பற்றிப் பேசுவாரே இல்லை. பதினொன்றாம் வகுப்பின் பாதியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். இயக்க விதிகளையும் சுழற்சி இயக்கத்தையும் நானாகவே படித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. திருச்சி என்ஐடியில் சேர வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த முயற்சி.

சென்ற வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். இயற்பியலில் 25 வினாக்களில் 19க்கு விடையளித்தேன். 7 சரி, 12 தவறு. சரியானவற்றுக்கு 28 மதிப்பெண், தவறுகளுக்கு 12 கழிவு, ஆக மொத்தம் 16. அந்தப் பன்னிரண்டையும் தொடாமல் விட்டிருந்தால்கூட 28 கிடைத்திருக்கும்.

தவறிய வினாக்களில் ஒன்று இது: கிடைத்தளத்தில் 5 கிலோ நிறையுள்ள பெட்டி இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. பெட்டியை 15 நியூட்டன் கிடைமட்ட விசையால் இழுத்தால் உராய்வு விசை எவ்வளவு? நான் 0.4, 5, புவியீர்ப்பு முடுக்கமான 10 ஆகிய மூன்றையும் பெருக்கி 20 நியூட்டன் என்று குறித்தேன். விடை 15 நியூட்டனாம். விளக்கத்தைப் படித்தால் புரிகிறது. எண்களை மாற்றி இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் மறுபடியும் அதே குழியில் விழுகிறேன்.

சூத்திரங்கள் அனைத்தும் மனப்பாடமாகத் தெரியும். ஆகவே சிக்கல் வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது. அடிப்படைக் கருத்துகளை எப்படிப் பயில வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை கணக்குகள் போட வேண்டும், வினாத்தாளைத் தமிழில் தேர்ந்தெடுப்பதா ஆங்கிலத்தில் தேர்ந்தெடுப்பதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: தராசுமுள்

தம்பி, வணக்கம். நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதிய அந்தப் பெட்டிக் கணக்கு ஒன்றே உங்கள் சிக்கலைக் காட்டிவிடுகிறது. அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது நிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு. அந்தச் சூத்திரம் சொல்வது ஒரு வரம்பை; உராய்வு எப்போதும் அவ்வளவு இருக்கும் என்று அது சொல்லவில்லை. நீங்கள் 15 நியூட்டனால் இழுக்கும்போது தளம் 20 நியூட்டனால் எதிர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: முன்னோக்கி இழுத்த பெட்டி பின்னோக்கிக் கிளம்ப வேண்டும்! எந்த ஊரிலும் பெட்டி அப்படிப் போவதில்லை. விடையைக் குறிக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், 20 என்ற எண் தானாகவே விழுந்திருக்கும்.

இனி, இதே பெட்டியை வைத்துக்கொண்டு பயிலுங்கள். புதிய கணக்கைத் தேடிப் போகாதீர்கள். விசையை 25 நியூட்டனாக்குங்கள். உச்ச வரம்பான 20ஐத் தாண்டிவிட்டதால் பெட்டி நகரும். இப்போது செயல்படுவது இயக்க உராய்வு, அதாவது 15 நியூட்டன். மிச்சமுள்ள 10 நியூட்டன் 5 கிலோவுக்கு 2 மீட்டர்/வினாடி² முடுக்கத்தைத் தரும். அடுத்து, பெட்டியை 2 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் மேலேறும் மின்தூக்கிக்குள் வைத்து 22 நியூட்டனால் இழுங்கள். தரையில் 22 நியூட்டன் பெட்டியை நகர்த்திவிடும். மின்தூக்கியிலோ செங்குத்து விசை 60 நியூட்டனாக உயர்வதால் உராய்வின் வரம்பு 24 ஆகிறது, பெட்டி அசையாது. அதே பெட்டி, அதே விசை, ஆனால் விடை வேறு. இப்படி ஒரே கணக்கை ஐந்து விதமாகத் திருப்பிப் போடுகிறவர், ஐந்து வெவ்வேறு கணக்குகளைப் போட்டவரைவிட அதிகம் கற்றிருப்பார் என்பது என் அனுபவம்.

விசைப்படம் வரையும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்று ஊகிக்கிறேன். வரைபவர்களிலும் பலர் அம்புக்குறிகளைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பக்கத்தில் "இதைத் தருவது எது?" என்று கேட்டு எழுத வேண்டும். எடையைத் தருவது புவி. செங்குத்து விசையைத் தருவது தளம். இழுவிசையைத் தருவது கயிறு. தருவது எது என்று சொல்ல முடியாத விசைக்குப் படத்தில் இடமில்லை.

இந்தக் கேள்வி மிகவும் உதவுவது வட்ட இயக்கத்தில்தான். 200 கிராம் கல்லை 90 சென்டிமீட்டர் கயிற்றில் கட்டி ஊசலாட விடுகிறோம். மிகத் தாழ்ந்த புள்ளியில் அதன் வேகம் 3 மீட்டர்/வினாடி. கல்லின் விசைப்படத்தில் மாணவர்கள் எடை, இழுவிசை, மையநோக்கு விசை என மூன்று அம்புகளைப் போடுவார்கள். "மையநோக்கு விசையைத் தருவது எது?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். அது தனி விசையே அன்று. அது ஒரு பதவி. அந்தப் பதவியில் ஒரு நாள் இழுவிசை அமரும், ஒரு நாள் உராய்வு அமரும், கோள்களுக்கு ஈர்ப்பு விசை அமரும். இங்கே கீழ்நோக்கி எடை 2 நியூட்டன் இருக்கிறது. வட்டத்தில் செல்ல மையத்தை நோக்கி, அதாவது மேல்நோக்கி, 2 நியூட்டன் மிஞ்ச வேண்டும். எனவே கயிற்றின் இழுவிசை 4 நியூட்டன். மூன்றாவது அம்பைப் போட்டிருந்தால் இந்த எளிய கணக்கும் குழம்பியிருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அதே 5 கிலோ பெட்டியைக் கிடைமட்டத்துக்கு 37 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்த கயிற்றால் 25 நியூட்டன் விசை கொடுத்து இழுங்கள். பிறகு அதே 25 நியூட்டனால், அதே 37 டிகிரியில், கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளுங்கள். சைன் 37ஐ 0.6 என்றும் கொசைன் 37ஐ 0.8 என்றும் கொள்ளலாம். இரண்டிலும் உராய்வையும் முடுக்கத்தையும் கண்டு இங்கேயே எழுதுங்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: சுழல்விளக்கு

நானும் தமிழ் வழியில் படித்து ஜேஇஇ மெயின் எழுதியவள். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐயா கருத்தைச் சொல்லிவிட்டார். நான் தேர்வுக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021 முதல் இந்தத் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினா ஆங்கிலத்திலும் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. ஆகையால் தமிழில் படித்து விளங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஐயம் வந்தால் ஆங்கில வாக்கியத்தையும் ஒரு முறை பார்க்கும் அளவுக்குக் கலைச்சொற்களை இரு மொழியிலும் அறிந்து வைத்திருங்கள். ஒரு பழைய நோட்டில் இரண்டு நெடுவரிசை போட்டு நான் எழுதி வைத்திருந்தேன். ஏறத்தாழ முந்நூறு சொற்களில் எல்லாம் அடங்கிவிட்டன. ஐஐடிகளில் சேர்வதற்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை எழுதும் எண்ணம் இருந்தால் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. யூடியூபில் இலங்கை ஆசிரியர்கள் நடத்தும் தமிழ் இயற்பியல் வகுப்புகள் மிக நன்றாக இருக்கின்றன. நான் பல பாடங்களை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். ஆனால் நம் பாடநூல் "திசைவேகம்" என்று சொல்வதை அவர்கள் "வேகம்" என்பார்கள். நாம் "வேகம்" என்பதை அவர்கள் "கதி" என்பார்கள். முடுக்கம் அங்கே "ஆர்முடுகல்". இது தெரியாமல் ஒரு வாரம் நான் குழம்பிக்கிடந்தேன்.

நான் அதிகம் தவறவிட்டது கூட்டல், கழித்தல் குறிகளில். 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லை 20 மீட்டர்/வினாடி வேகத்தில் மேல்நோக்கி எறிந்தால் எப்போது தரையைத் தொடும் என்று கேட்பார்கள். நான் மேலே போகும் நேரத்தைத் தனியாகவும், கீழே விழும் நேரத்தைத் தனியாகவும் கண்டு கூட்டிக்கொண்டிருந்தேன். அது தவறன்று, ஆனால் நேரத்தை விழுங்கும். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால், இடப்பெயர்ச்சி −25, தொடக்கத் திசைவேகம் +20, முடுக்கம் −10 என்று ஒரே சமன்பாட்டில் முடிந்துவிடும். விடைகள் 5 வினாடியும் −1 வினாடியும். அந்த −1ஐ எல்லோரும் அடித்துவிட்டுப் போவார்கள். நான் அதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் யோசித்தேன்: கல் ஒரு வினாடிக்கு முன்பு தரையிலிருந்து 30 மீட்டர்/வினாடி வேகத்தில் கிளம்பியிருந்தால், கட்டட உச்சியைக் கடக்கும்போது சரியாக 20 மீட்டர்/வினாடி வேகத்தில் இருந்திருக்கும். சமன்பாட்டுக்குக் கட்டடம் தெரியாது, கையும் தெரியாது. அது பாதையை மட்டுமே அறியும். அன்றிலிருந்துதான் எனக்கு இயக்கச் சமன்பாடுகள் மனப்பாடமாக இல்லாமல் பொருளுள்ளவையாகத் தெரிந்தன.

தவறுகளுக்கென ஒரு நோட்டு வையுங்கள். சரியான தீர்வை அதில் எழுத வேண்டாம். நீங்கள் எந்த நினைப்பில் தவறினீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதினால் போதும். "உச்சியில் திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எண்ணிவிட்டேன்" என்பது என் நோட்டின் முதல் வரி.


மறுமொழி 3
எழுதியவர்: கரும்பலகை

மேலே உள்ள இருவர் சொன்னதையும் மதிக்கிறேன், ஆனால் முழுவதும் ஏற்க முடியவில்லை. நான் நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். ஜனவரிக்கு இன்னும் நான்கு மாதங்களே இருக்கின்றன. ஒரே பெட்டியை இழுத்துக்கொண்டும் −1 வினாடியைப் பற்றி மாலை முழுவதும் யோசித்துக்கொண்டும் இருந்தால், மின்னியலுக்கும் ஒளியியலுக்கும் எப்போது வருவது? 180 நிமிடங்களில் 75 வினாக்கள். சராசரியாக ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 வினாடிகள்தான். கணிதம் அதைவிட அதிகம் கேட்கும் என்பதால் இயற்பியலை இன்னும் விரைவாக முடித்தாக வேண்டும். கணக்கிடும் கருவிக்கும் அனுமதி இல்லை. கை வேகம் எண்ணிக்கையால்தான் வரும்.

முதலில் நவீன இயற்பியல், குறைக்கடத்திகள், அலகுகளும் பரிமாணங்களும், மின்னோட்டவியல் ஆகியவற்றை முடியுங்கள். இவற்றில் ஒரு கருத்து தெளிந்தால் அதைச் சார்ந்த வினாக்கள் பெரும்பாலும் ஓரிரு படிகளில் முடிந்துவிடும். எடுத்துக்காட்டாக, ஒளிமின் விளைவில் அலைநீளம் நானோமீட்டரில் இருந்தால் 1240ஐ அதனால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 310 நானோமீட்டர் ஒளிக்கு 4. உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் 2.5 எனில் நிறுத்து மின்னழுத்தம் 1.5 வோல்ட். அரை நிமிட வேலை. ஒளிச்செறிவை இரு மடங்காக்கினால் என்ன ஆகும் என்று கேட்டு மடக்கப் பார்ப்பார்கள். ஒளிமின்னோட்டம் இரு மடங்காகும், நிறுத்து மின்னழுத்தம் அப்படியே இருக்கும்.

கருத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்தேக்கிக் கணக்குகளில் என் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்: "இங்கே மாறாமல் இருப்பது எது?" மின்கலத்தோடு இணைந்தபடியே மின்காப்புப் பொருளைச் செருகினால் மின்னழுத்தம் மாறாது; மின்தேக்குத்திறன் கூடுவதால் மின்னூட்டமும் சேமித்த ஆற்றலும் கூடும். மின்கலத்தைத் துண்டித்த பிறகு செருகினால் மின்னூட்டம் மாறாது. மின்னழுத்தமும் ஆற்றலும் குறையும். சூத்திரம் ஒன்றுதான், எந்த வடிவத்தை எடுப்பது என்பதை அந்தக் கேள்வி தீர்த்துவிடும். இந்த அளவுக்குக் கருத்து போதும், பிறகு நாளொன்றுக்கு 40 வினாக்கள்.

உங்கள் 12 தவறுகளுக்கும் வருவோம். எண்ணாக விடை தர வேண்டிய 5 வினாக்களுக்கும் தவறினால் ஒரு மதிப்பெண் கழியும். வினாவைப் படித்ததும் பாதை தெரியாவிட்டால் குறியிட்டுவிட்டுக் கடந்து போங்கள். தெரிந்ததுபோல் இருக்கும் வினாதான் மிகவும் ஆபத்தானது.


மறுமொழி 4
எழுதியவர்: தராசுமுள்

கரும்பலகை அவர்கள் சொல்லும் நேரக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பி 19 வினாக்களைத் தொட்டிருக்கிறார். வேகம் அவரிடம் இருக்கிறது. தவறான பாதையில் விரைந்து போகிறவருக்கு மேலும் 40 வினாக்கள் கொடுத்தால், தவறான பழக்கம்தான் 40 முறை உறுதிப்படும். ஆகவே இயக்க விதிகள், ஆற்றல், சுழற்சி ஆகிய மூன்றுக்கும் முதல் மாதத்தை மெதுவாகச் செலவிடட்டும். நவீன இயற்பியலை அதற்கு இணையாக உங்கள் முறையிலேயே படிக்கட்டும்.

நேரம் குறைவு என்பதற்காகவே ஒரு வழியைச் சேர்த்துச் சொல்கிறேன். விடைத் தெரிவுகள் குறியீடுகளாக இருந்தால், எல்லை நிலைகளை வைத்துச் சோதியுங்கள். உராய்வற்ற கப்பியின் இருபுறமும் தொங்கும் இரு நிறைகளின் முடுக்கத்தைக் கேட்டால், இரு நிறைகளும் சமம் என்று வைத்துப் பாருங்கள். சரியான கோவை சுழியைத் தர வேண்டும். ஒரு நிறையைச் சுழியாக்குங்கள். மற்றது தடையின்றி விழ வேண்டும். பல நேரங்களில் நான்கு தெரிவுகளில் இரண்டோ மூன்றோ இந்தச் சோதனையிலேயே கழிந்துவிடும்.


மறுமொழி 5
எழுதியவர்: கண்மாய்க்கரை

அனைவருக்கும் நன்றி. ஐயா கொடுத்த கணக்கைப் போட்டுவிட்டேன்.

மேல்நோக்கிச் சாய்த்து இழுக்கும்போது: கிடைமட்டக் கூறு 20, செங்குத்துக் கூறு 15 நியூட்டன். கயிறு பெட்டியைச் சற்றுத் தூக்குவதால் தளத்தின் செங்குத்து விசை 35 நியூட்டனாகக் குறைகிறது. உராய்வின் வரம்பு 14. 20 அதைத் தாண்டுவதால் பெட்டி நகரும். இயக்க உராய்வு 10.5 நியூட்டன், முடுக்கம் 1.9 மீட்டர்/வினாடி².

கீழ்நோக்கித் தள்ளும்போது செங்குத்து விசை 65, வரம்பு 26. இங்கே முதலில் உராய்வு 26 என்று எழுதிவிட்டேன். "அப்படியானால் பெட்டி என்னை நோக்கி வருமே" என்று தோன்றியதும் அடித்துவிட்டு 20 என்று திருத்தினேன். முடுக்கம் சுழி. எங்கள் மளிகைக் கடையில் அப்பா மூட்டையைக் குனிந்து தள்ளாமல் காதைப் பிடித்து ஏன் இழுக்கிறார் என்பதும் புரிந்தது.

ஓர் ஐயம். லாரி கிளம்பும்போது அதன் தளத்தில் இருக்கும் மூட்டையின் மீது உராய்வு எந்தப் பக்கம் செயல்படும்? உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்று படித்திருப்பதால் பின்பக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.


மறுமொழி 6
எழுதியவர்: தராசுமுள்

உங்கள் விசைப்படத்தையே கேளுங்கள். மூட்டையைக் கிடைமட்டமாகத் தொட்டுத் தள்ளவோ இழுக்கவோ வேறு எதுவும் இல்லை. லாரியின் தளம் மட்டுமே இருக்கிறது. மூட்டை முன்னோக்கி முடுக்கமடைகிறது என்றால் அதற்கான விசையை உராய்வுதான் தர வேண்டும். ஆகவே உராய்வு முன்பக்கம். அது எதிர்ப்பது இரு பரப்புகளுக்கிடையே நிகழும் சறுக்கலை, அல்லது சறுக்க முனைவதை. பொருளின் இயக்கத்தை அன்று. பாடநூலின் அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

குணகங்கள் 0.4, 0.3 என்றே இருக்கட்டும். மூட்டை 50 கிலோ. லாரி 3 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் கிளம்பினால் உராய்வு எவ்வளவு? 5 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் கிளம்பினால் என்ன நடக்கும்? லாரியின் பின்விளிம்பு மூட்டையிலிருந்து 4 மீட்டர் தொலைவில் இருக்கிறது.


மறுமொழி 7
எழுதியவர்: கண்மாய்க்கரை

முதல் நிலையில் தேவைப்படுவது 150 நியூட்டன்; வரம்பு 200. எனவே உராய்வு 150 நியூட்டன், முன்பக்கம், மூட்டை சறுக்காது. இம்முறை 200 என்று எழுதவில்லை ஐயா.

இரண்டாம் நிலையில் 250 நியூட்டன் தேவை. வரம்பைத் தாண்டுவதால் மூட்டை சறுக்கும். இயக்க உராய்வு 150 நியூட்டன், அதுவும் முன்பக்கமே. மூட்டையின் முடுக்கம் 3, லாரியின் முடுக்கம் 5. லாரியிலிருந்து பார்ப்பவருக்கு மூட்டை 2 மீட்டர்/வினாடி² முடுக்கத்துடன் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். 4 மீட்டரைக் கடக்க 2 வினாடிகள். ஆனால் சாலையில் நிற்பவருக்கு, அந்த 2 வினாடிகளில் மூட்டை 6 மீட்டர் முன்னோக்கி நகர்ந்தபின்தான் லாரியின் பின்விளிம்பிலிருந்து விழும். இந்தக் கடைசி வரி சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். எழுதிய எனக்கே இன்னும் வியப்பாக இருக்கிறது.


மறுமொழி 8
எழுதியவர்: தராசுமுள்

சரிதான். லாரி அதே நேரத்தில் 10 மீட்டர் போயிருக்கும். வித்தியாசம் 4 மீட்டர். விளிம்பை விட்டு நீங்கும் கணத்தில் மூட்டைக்கு 6 மீட்டர்/வினாடி வேகம் முன்னோக்கி இருக்கும். லாரியின் தளம் சாலையிலிருந்து 1.25 மீட்டர் உயரம் எனில், விளிம்புக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் அது சாலையைத் தொடும் என்பதை நாளைக்குப் போட்டுவிடுங்கள்.